எண்ணெய் வயலும் சூரத்துச் சரிகையும்

(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எள்ளும் நெய்யும் புணர்ந்ததே எண்ணெய் என்னும் சொல். எள்ளின் தொடர்பு சிறிதுமின்றிப் பூமியின் ஆழத்தினின்று எழும் கரிய திரவத்திற்கும் நாம் அப்பெயரையே வழங்குகின்றோம். இலக்கணம் வல்லார் நகைப்பினும் நகைக்க. அவ்வெண்ணெய் எடுக்கும் தொழிலில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து, ஓய்வு பெற்று ஆரணிக்குத் திரும்பிய நம்மவர் ஒருவர் தம் உத்தியோகப் பிரயாணங்களைப் பற்றி என்னிடம் கூறியவற்றுள், நமக்கு மிக வேண்டிய ஒன்றையே இன்று சொல்லப் புகுந்தேன். தம் பெயரை வெளியிடலாகாது என்று அப்பெரியவர் பணித்திருக்கின்றார்.

எண்ணெய் இயற்கை எரிவாயுக் கமிஷன் 1956ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 1960இல் குசராத்திலுள்ள அங்கலேசுவரத்தில் எண்ணெய் கண்டனர். குழித்தறியின் ஓசையிலேயே வளர்ந்த நம் பெரியவர் 1968இல் அங்கே வேலைக்கமர்ந்தார். ஆரணி ரோடு ஸ்டேஷனில் சிறுபாதை வண்டி ஏறிக் காட்பாடியில் இறங்கி, அரக்கோணத்தில் பம்பாய் வண்டி பிடித்து, பம்பாயில் மீண்டும் வண்டி மாறுவார். தாயார் கட்டிக்கொடுத்த புளிச்சோறு குண்டக்கல் வரையில் வருமாம், அப்பால் ரொட்டிதான். 1974இல் 'சாகர் சம்ராட்' என்னும் மிதவை மேடை பம்பாய்க்கு மேற்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தொலைவில் கடலடியில் எண்ணெய் கண்ட பின்னர், அவர் வேலையும் கடலுக்கு மாறியது. பதினான்கு நாள் இரும்பு மேடை, பதினான்கு நாள் கரை. தந்தையார் மறைந்தபோது அவர் மேடைமேல் இருந்தார். அதனை அவர் விரித்துரைக்கவில்லை, யானும் வினவவில்லை.

அங்கலேசுவரத்தில் இருந்த காலத்தில், இயந்திர உறுப்புக்கள் வாங்கும்பொருட்டு அவர் அடிக்கடி சூரத்துக்குச் செல்ல நேர்ந்தது. நாம் நெய்யும் சரிகை பிறக்கும் ஊர் அதுவன்றோ! வெள்ளிக் கட்டியைத் துளைத்தகட்டின் வழியே இழுத்து இழுத்து மயிரினும் நுண்ணிய கம்பியாக்கி, அதனைத் தட்டையாக்கிப் பட்டு நூலின்மேல் சுற்றிப் பொன்முலாம் பூசுவதைத் தெருத்தெருவாகக் கண்டார். தந்தையார் கையில் ஆயிரம் முறை பார்த்த பொருளின் பிறப்பை அன்றுதான் கண்டாராம்.

அவர் சட்டைப்பையில் ஒரு சரிகைத் துண்டு இருந்தது. 1971இல் அவர் தந்தையார் நெய்த சேலையொன்றின் கரை கறுத்துவிட்டது. சரிகை கொடுத்த வணிகரே, நல்ல சரிகையை நெசவாளி மாற்றிவிட்டான் என்று பழி சுமத்தி, இரண்டு மாதக் கூலியைப் பிடித்துக்கொண்டார். கூலி போயிற்று, அது பெரிதன்று. திருடன் என்ற சொல் வீதியில் நின்றது. எஞ்சிய நூலில் ஒரு விரற்கடை அளவை மகன் சூரத்துக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்த முதிய தொழிலாளி பேசியது குசராத்தி. நம்மவர் அறிந்தது அரைகுறை இந்தி. சரிகையை இருவரும் அறிந்திருந்தமையால் பேச்சு தடைப்படவில்லை. உரைகல்லில் தேய்த்தார், செம்மை தோன்றியது. செம்புக் கம்பியின்மேல் வெள்ளி முலாமும் பொன்முலாமும் ஏற்றிய சரிகை! புதிதாயிருக்கையில் கண்ணால் வேறுபாடு அறிதல் அரிது என்று அம்முதியவர் உரைத்தார்.

மகன் கடிதம் எழுதினார். தந்தையார் அதனை எடுத்துக்கொண்டு வணிகரிடம் சென்றார். "இத்துண்டு நான் கொடுத்த சுருளினின்று வந்தது என்பதற்கு என்ன சாட்சி?" என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. இன்றும் நம்மில் எத்தனை பேரிடம் விடை உண்டு? இப்போதோ செம்புச் சரிகையோடு பிளாஸ்டிக் சரிகையும் வந்துவிட்டது. அதுவும் பொய்யன்று, விலை குறைந்த சேலைக்கு அது வேண்டும். இன்ன சரிகை என்று சொல்லாமல் கொடுப்பதே பொய்.

ஆதலின் பெரியவர் கூறும் உபாயம் இது. சரிகை வாங்கும்போதே ஒவ்வொரு சுருளினின்றும் ஒரு சாண் நூலை வெட்டி உறையிலிட்டு, தேதி எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் கையொப்பமிடல் வேண்டும். உறையை வைத்துக்காக்க நம் சங்க அலமாரியில் இடமுண்டு. வணிகர் சிலர் முகஞ்சுளிப்பர். நேர்மையானவருக்கும் இது காப்பே என்று சங்கத்தார் எடுத்துரைத்தால் இசைவர் என்பது என் எண்ணம்.

அவர் தந்த மூன்று மாதிரிகள் இம்மேசைமேல் உள்ளன. உரைகல்லில் வெண்மை காட்டுவது வெள்ளி; செம்மை காட்டுவது செம்பு; மூன்றாவதைத் தீயில் காட்டினால் உருகித் திரளும். கூட்டம் கலையுமுன் தாய்மார்களும் வந்து தம் கையாலேயே தேய்த்துப் பார்க்க வேண்டுகின்றேன்.