தந்தையும் மகனும் செய்த கிதார்



மகன் ஒரு பொருளுக்கு ஆசைப்படுகிறான்; அதை வாங்கித்தரத் தந்தையிடம் பணமில்லை. இது எந்த நாட்டிலும் நடப்பதுதான். 1963-ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த ஃபெல்தம் என்னும் ஊரில், 16 வயது மாணவனான பிரையன் மே மின்சாரக் கிதார் ஒன்றை விரும்பினான். தந்தை ஹெரால்டு மின்னணுத் துறை அறிந்தவர். மகனைக் கடைக்கு அழைத்துச் செல்ல அவரால் இயலவில்லை. வீட்டிலேயே கிதார் செய்யும் வேலைக்கு அவனை அழைத்தார்.

குளிர்காயும் கணப்பின்மேல் பதித்திருந்த பழைய மகோகனிச் சட்டம் ஒன்று கிடைத்தது. அதைச் செதுக்கிக் கிதாரின் கழுத்தாக்கினார்கள். அதிலிருந்த புழுத் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். பழைய மேசையின் மரம் உடற்பகுதிக்கு உதவிற்று. மோட்டார் சைக்கிளின் சுருள்வில்களும், கத்தியின் எஃகும், சட்டைக்குத் தைக்கும் சிப்பிப் பொத்தான்களும் உரிய இடங்களில் அமர்ந்தன. வேலை முடிய ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஆயின. செலவு சுமார் 8 பவுன்.

இக்கருவியின் தத்துவத்தை நீங்கள் அறிவீர்கள். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதன்மேல் உலோகத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் மாறுகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதை நாதமாக்குகிறது. 1831-இல் பாரடே கண்ட இவ்வுண்மையை நாம் ஏட்டில் படிக்கிறோம். பிரையனோ கையால் கற்றான். அவன் சுற்றிய முதற் சுருள்கள், தந்தியைப் பக்கவாட்டில் வளைத்தபோது கரகரத்தன. அவன் மனம் தளரவில்லை. கடையில் மூன்று சுருள்களை வாங்கிப் பொருத்தி, கருவியை முடித்தான்.

இதன் பிறகுதான் தந்தைக்குச் சோதனை வந்தது. இம்பீரியல் கல்லூரியில் பௌதிகம் பயின்று வானியல் ஆராய்ச்சியில் இறங்கிய மகன், 1974-இல் அதைப் பாதியில் விட்டு, அதே கிதாருடன் 'குயின்' இசைக்குழுவே கதியென்று சென்றான். தந்தை மிக வருந்தினார். மகனைக் கலைஞனாக்கிய கருவியில் அவருடைய உழைப்பும் கலந்திருந்ததல்லவா? பின்னர் நியூயார்க்கின் பெரிய அரங்கொன்றில் மகன் வாசித்ததை நேரில் கண்டபோதுதான் அவர் மனம் ஆறியது.

2002-இல் பக்கிங்காம் அரண்மனையின் கூரைமீது நின்று பிரையன் வாசித்ததும் அந்தக் கிதாரைத்தான். விட்ட ஆராய்ச்சியையும் மறவாமல் முடித்து, 2007-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதைக் காணத் தந்தை உயிரோடில்லை.

ஆசிரியனாகப் பல்லாண்டு கழித்த எனக்கு இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. பிள்ளையின் கையில் உளியைக் கொடுத்துப் பழக்கலாம். அந்தக் கை பிற்காலத்தில் எதைப் பற்றும் என்பதை நாம் விதிக்க முடியாது. உங்களுக்கும் ஒன்று சொல்வேன். நீங்கள் தேர்ந்த வழியைப் பெற்றோர் உடனே ஒப்பாவிட்டால், அவர்களை அன்பற்றவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவ்வழியில் நடக்கும் வலிமையை உங்களுக்குத் தந்தவர்களும் அவர்களே.