பந்தயக் காரின் சத்தமும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்

(ஆலை வாயிற்கூட்டத்தில் பேசியதன் வாசகம்)



தறிக்கூடத்தில் பாடுபடுகிறவர்களிடம் சத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவன் கதைதான். ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போய், பெண்டாட்டி பிள்ளைகள் கூப்பிடுவது காதில் விழாமல் "என்ன, என்ன?" என்று இரண்டு தரம் கேட்கிற பழைய தொழிலாளிகள் எந்த ஆலையில் இல்லை? சத்தம் காதைத் தின்னும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறோம். 2023ஆம் ஆண்டில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மோட்டார் பந்தயம் நடத்தத் திட்டம் போட்டார்கள். மூன்றரைக் கிலோமீட்டர் வட்டம். ஜனங்கள் பஸ்ஸில் போகிற ரோடுதான் பந்தயப் பாதை. டிசம்பரில் மிக்ஜாம் புயலடித்து நகரமே வெள்ளத்தில் தத்தளித்ததால் தள்ளிப் போயிற்று. ஹைகோர்ட்டில் வழக்குகள் நடந்தன. 2024 பிப்ரவரியில் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் விளக்கு வெளிச்சத்தில் ராத்திரிப் பந்தயம் நடந்தும் முடிந்தது.

அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது எது? ஓமந்தூரார் தோட்டத்து சர்க்கார் ஆஸ்பத்திரி. சற்றுத் தள்ளி, சென்ட்ரலுக்கு எதிரே, ஜெனரல் ஆஸ்பத்திரி. நம் ஜனங்கள் கம்மலை அடகு வைத்து ரயிலேறி வந்து படுக்கிற கட்டில்கள் அங்கேதான் இருக்கின்றன.

சத்தத்தை டெசிபல் என்று அளக்கிறார்கள். இந்த அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. கூலி 40 ரூபாயிலிருந்து 50 ரூபாய் ஆவது போல இதை நினைத்துவிடக் கூடாது. பத்து ஏறினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு. இருபது ஏறினால் நூறு மடங்கு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி அமைதிப் பகுதியில் பகலில் 50 டெசிபலும், ராத்திரி பத்து மணிக்கு மேல் 40 டெசிபலும்தான் வரம்பு. பந்தயப் பாதை ஓரத்தில் 100ஐத் தாண்டுவது வழக்கம். சரி, 15 மீட்டர் தூரத்தில் 100 என்றே வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஆறு டெசிபல் குறையும். 30 மீட்டரில் 94, 60 மீட்டரில் 88, 120 மீட்டரில் 82. வரம்பு 50, வந்து சேருவது 82! சக்தியில் ஆயிரம் மடங்குக்கும் மேல். நடுவே கட்டடம் மறைத்தால் குறையும், சுவரில் மோதித் திரும்பினால் கூடும். அதனால்தான் முன்கூட்டியே கருவி வைத்து அளக்கச் சொல்கிறோம்.

அளக்கும்போதும் ஏமாறக் கூடாது. விதியில் உள்ள கணக்கு சராசரிக் கணக்கு. கார் சீறிப் போகிற சில விநாடியையும், அடுத்த கார் வரும்வரை உள்ள அமைதியையும் சேர்த்து ஓர் எண் தருவார்கள். மானேஜர் சம்பளத்தையும் நம் கூலியையும் கூட்டி வகுத்தால் நாமும் பணக்காரர்தான்! திடுக்கிட்டு விழிக்கிற நோயாளியை எழுப்புவது அந்தச் சீறல். அதைத் தனியே எழுதிக் காட்ட வேண்டும்.

இன்னொரு சங்கதி. ஆஸ்பத்திரியைச் சுற்றி நூறு மீட்டர் அமைதிப் பகுதி என்று விதி சொல்லிவந்தது. 2017இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். மாநில சர்க்கார் தனியே அறிவித்தால்தான் அமைதிப் பகுதி, இல்லாவிட்டால் இல்லை என்றாகிவிட்டது. நோயாளி படுத்திருப்பது போதாதாம், அறிவிக்கை வேண்டுமாம்.

"இரண்டு நாள் கூத்துதானே" என்கிறார்கள் சிலர். தறிக்கூடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதை மீறினால் போராடுகிறோம். எப்படியும் சங்கு ஊதியதும் வெளியே வந்துவிடுகிறோம். நெஞ்சைப் பிளந்து தையல் போட்டுக் கிடப்பவன் எங்கே எழுந்து போவான்?

டயர் தேய்ந்த தூளும் சிந்திய எண்ணெயும் மழையோடு கூவத்தில்தான் போய்ச் சேரும். கூவம் ஏற்கெனவே நாறுகிறது என்பது பதிலாகாது.

யந்திரத்தின் மேல் நமக்குப் பகை கிடையாது. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் மெக்கானிக்குகள். அந்தக் காலத்தில் சோழவரம் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே பாதை போட்டார்கள். அது இருக்க, ஆஸ்பத்திரி வாசலுக்கு ஏன் வர வேண்டும்? அங்கேயும் ஊரும் வயலும் உண்டு. நடவு நடுகிறவர்களுக்கும் காது உண்டு. அங்கும் அளக்கத்தான் வேண்டும்.

பெரிய இடத்து விவகாரம், தடுக்க முடியுமா என்று மலைப்பவர்களுக்கு ஒரு சேதி. பிரேசில் நாட்டின் ரியோ நகரில் பழைய பந்தயப் பாதையை 2012இல் ஒலிம்பிக் மைதானத்துக்காக இடித்தார்கள். பதிலுக்கு தியோதோரோ வட்டாரத்தில் கம்போவாட்டா காட்டை அழித்துப் புதிய பாதை போடுவதாக 2019இல் அந்த நாட்டின் ஜனாதிபதியே மேடையேறி அறிவித்தார். சுமார் 1,80,000 மரங்கள்! வட்டாரத்து ஜனங்களும் மரஞ்செடி ஆராய்கிறவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். 2021இல் நகர நிர்வாகம் அந்த இடத்தைக் கைவிட்டது. காடு நிற்கிறது.

நாம் கேட்பது இதுதான். சென்னையிலோ வேறு ஊரிலோ பந்தயத்துக்கு அனுமதி கேட்டு யார் வந்தாலும், முதலில் நர்சுகளையும் வார்டு சிப்பந்திகளையும் குடியிருப்பவர்களையும் கூட்டிக் கேட்க வேண்டும். ராத்திரியில் வெளியூர் ஜனங்கள் வசதியாக வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு "கேட்டோம்" என்று சொல்லக் கூடாது. பாதைக்காக மேய்ச்சல் புறம்போக்கையோ ஏரி நீர்ப்பிடிப்பையோ தொடுவதானால் அந்தக் கிராமத்து விவசாயத் தொழிலாளிகளையும் கேட்க வேண்டும். அளந்த எண்களைத் தமிழில் எழுதி ஆஸ்பத்திரி வாசலில் ஒட்ட வேண்டும். எந்தெந்த ஆஸ்பத்திரி அமைதிப் பகுதி என்ற பட்டியலை சர்க்கார் மாவட்ட வாரியாகப் பகிரங்கப்படுத்த வேண்டும்.

இதை மகஜராக எழுதியிருக்கிறோம். தாள் டீக்கடைப் பெஞ்சில் இருக்கிறது. இரண்டாம் ஷிப்டு தோழர்கள் உள்ளே போகுமுன் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் இருக்கிறது.