நலம், நலமறிய அவா

(ஜொகூர் பாருவில், ஆலயத் திருவிழாவின் ஏழாம் நாள் இரவு, சிறப்புப் பூசைக்குப் பின்னர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டில் பணியாற்றும் பிள்ளைகளைப் பற்றியும், அவர்களை எண்ணி இல்லத்தில் காத்திருப்போரைப் பற்றியும் இன்றிரவு சில சொற்கள் பேசவேண்டும் என்று மாதர் பிரிவினர் கேட்டுக்கொண்டனர். இதைவிட நமக்கு நெருக்கமான பொருள் வேறில்லை. சற்று முன்னர் குருக்கள் அர்ச்சனை செய்தபோது ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பெயரையும் நட்சத்திரத்தையும் வாசித்தாரே, கேட்டீர்கள் அல்லவா? அப்பெயர்களுக்கு உரியவர்களுள் எத்தனை பேர் இம்மண்டபத்தில் இருந்தனர்? பெயர் இங்கே ஒலிக்கிறது. பெயருக்கு உரியவர் சிங்கப்பூரில் இரவுப் பணியில் இருக்கிறார். அல்லது நடுக்கடலில் எண்ணெய்த் துரப்பண மேடையில் இருக்கிறார். அல்லது இலண்டனிலோ மெல்பர்னிலோ துபாயிலோ இருக்கிறார். சீட்டை நீட்டிய தாயோ மனைவியோ மட்டும் கைகூப்பி நிற்கிறார். நம் ஆலயத்தின் அர்ச்சனைத் தட்டு, இங்கு இல்லாதவர்களின் பெயர்களால் நிறைந்த தட்டு.

அன்பர்களே, பொருள் தேடிப் பிரிவதும் பிரிந்தவரை எண்ணி வருந்துவதும் தமிழருக்குப் புதியன அல்ல. ஓதல், பகை, தூது ஆகியவற்றைப் பிரிவுக்குரிய காரணங்களாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. பொருள் தேடிப் பிரிதலையும் அது பேசுகிறது. வள்ளுவப் பெருந்தகை பிரிவாற்றாமைக்கென்றே 116ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். ஆயினும், இன்றிரவு நான் உங்களுக்கு நினைவூட்ட விரும்புவது பத்துப்பாட்டுள் ஒன்றான முல்லைப்பாட்டை. நப்பூதனார் பாடிய அந்நூல் 103 அடிகளே கொண்டது. அரசன் போர்ப்பாசறையில் இருக்கிறான். அரசி அரண்மனையில் காத்திருக்கிறாள். கார்கால மாலை. முதிய பெண்கள் ஊருக்கு வெளியே சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது, நற்சொல் ஒன்று காதில் விழாதா என்று நிற்கின்றனர். இதற்கு விரிச்சி கேட்டல் என்று பெயர். அப்போது, தாய்ப்பசு இன்னும் வராமையால் தவிக்கும் ஓர் இளங்கன்றைப் பார்த்து, குளிரில் கைகளால் தோள்களை அணைத்துக்கொண்டு நிற்கும் ஆயர்மகள் ஒருத்தி, உன் தாயர் இப்போதே வந்துவிடுவர் என்று தேற்றுகிறாள். கன்றுக்குச் சொன்ன அச்சொல்லையே தங்கள் அரசிக்குரிய நன்னிமித்தமாக அம்மூதாட்டியர் ஏற்றுக்கொள்கின்றனர்.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், தொலைவில் இருக்கும் ஒருவருக்காகப் பூவும் நெல்லும் ஏந்திச் சென்று வழிபட்ட அந்தப் பெண்களுக்கும், இன்று பால்குடம் ஏந்தி வந்த நம் தாய்மார்களுக்கும் இடையே என்ன வேறுபாடு? கவலையைக் கையில் எடுத்துக்கொண்டு இறைவனிடம் செல்வது நம் குலத்தின் பழைய வழக்கம். ஆகவே, கவலைப்படுவதை ஒரு குறையாகக் கருதி எவரும் நாணவேண்டியதில்லை. அன்பு தொலைவைச் சந்திக்கும்போது அது கவலையாகத்தான் உருவெடுக்கும்.

இனி நம் முன்னோரைப் பாருங்கள். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரைக் கேட்டாலே நம் மூத்தோர் பலருக்குக் கண்கள் பனிக்கும். நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பினாங்கிலும், அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிய கிள்ளான் துறைமுகத்திலும், சிங்கப்பூரிலும் இறங்கித் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் சென்றனர். ஊரில் இருந்த தாய்க்கு மகன் எழுதிய கடிதம் எப்படித் தொடங்கும்? 'நலம், நலமறிய அவா.' காய்ச்சலில் படுத்திருந்தவரும் அப்படித்தான் எழுதினார். கங்காணியிடம் ஏச்சு வாங்கி வந்தவரும் அப்படித்தான் எழுதினார். ஊரிலிருந்து வந்த பதிலும் அப்படித்தான் தொடங்கிற்று. மழை பொய்த்ததையும் நிலம் அடகு போனதையும் அது சொல்லவில்லை. ஒருவர் மனத்தை மற்றவர் நோகச் செய்யலாகாது என்ற அன்பே அதற்குக் காரணம்.

அந்த ஒரு சொல்லும் வாராத காலமும் இருந்தது. சப்பானியர் ஆட்சியில் 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைப்பதற்காக நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். கடிதம் இல்லை, செய்தி இல்லை, பணம் இல்லை. தோட்டத்து லயன்களில் பெண்கள் ஆண்டுக்கணக்கில் வாசலைப் பார்த்திருந்தனர். திரும்பாதவர் மிகப் பலர். பலருக்கு இறந்த நாளே தெரியாமையால், திதி கொடுப்பதற்கும் நாள் இல்லாமல் போயிற்று. பிள்ளை பயணம் புறப்படும்போது நம் பாட்டிமார் காரணமின்றிக் கலங்கினர் என்றால், அக்கலக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

இன்றைய நிலை என்ன? 1924ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உடையது. 1998இல் துவாசுக்குச் செல்லும் இரண்டாம் பாலமும் வந்தது. நம் பிள்ளைகள் விடியலுக்கு முன் நான்கு மணிக்கே எழுந்து, மழையங்கியை அணிந்து, மோட்டார் சைக்கிளில் புறப்படுகின்றனர். குடிநுழைவுச் சாவடியில் பல்லாயிரம் மோட்டார் சைக்கிள்களிடையே ஊர்ந்து, பகலெல்லாம் உழைத்து, இரவில் அதே நெரிசலில் திரும்புகின்றனர். வீட்டில் தாய் உணவை மூடிவைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருப்பார். கண்கள் திரையில் இருந்தாலும் செவி தெருவில்தான் இருக்கும். எத்தனையோ வண்டிகள் போனாலும் தம் மகனுடைய வண்டியின் ஒலியை அவர் அறிவார். முல்லைப்பாட்டின் முடிவும் இப்படித்தான் அமைந்துள்ளது: திரும்பி வரும் அரசனுடைய தேர்க்குதிரைகளின் ஒலி, காத்திருந்த அரசியின் செவியை நிறைக்கிறது. குதிரை மோட்டார் சைக்கிளாக மாறியிருக்கிறது. காத்திருக்கும் செவி மாறவில்லை.

இத்தகைய அன்றாட வாழ்வு 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் ஒரே இரவில் அறுபட்டது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வேலையை இழக்கலாகாது என்று அவசரம் அவசரமாக அக்கரை சென்றவர்களுள் தங்க இடமின்றி இரயில் நிலையத்தருகே இரவைக் கழித்தவர்களும் உண்டு. சில வாரங்கள் என்று எண்ணியது ஈராண்டுகளாக நீண்டது. 2020 ஆகஸ்டில் தொடங்கிய ஏற்பாட்டின்படி சிலர் வந்துபோக முடிந்தது. ஆயினும், தனிமைப்படுத்தலுக்கு ஆகும் நாள்களையும் செலவையும் எண்ணிப் பலர் வரவில்லை. எல்லை மீண்டும் பரவலாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் நாளில்தான். கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் ஊர், கப்பற்காலத்து நாகப்பட்டினத்தைவிடத் தொலைவாகிப் போயிற்று.

அக்காலத்தில் நம் வட்டாரத்துக் குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததை, அந்த அம்மையாரின் இசைவுடன், பெயர் குறிப்பிடாமல் கூறுகிறேன். மகன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். ஆணை வந்த மூன்றாம் மாதம் தந்தைக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. மகனால் வர இயலாது. சொன்னால் அங்கே தனியே துடிப்பான் என்று எண்ணி அந்த அம்மையார் மறைத்துவிட்டார். இரவுதோறும் மகன் அழைக்கும்போது, "அப்பா இப்போதுதான் தூங்கினார்" என்பார். மகனும் தம் பங்குக்கு ஒன்றை மறைத்தார். வேலை நாள்கள் குறைக்கப்பட்டுச் சம்பளம் பாதியாகியிருந்தது. ஒருவேளை உணவைக் குறைத்துக்கொண்டு, வழக்கமான தொகையையே வீட்டுக்கு அனுப்பி, "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று கூறிவந்தார். இருவரும் நலம்; இருவரும் நலமறிய அவா. ஈராண்டு கழித்து வீட்டுக்குள் நுழைந்த மகன், பேச்சுக் குழறிய தந்தையைக் கண்டார். அவர் தாயிடம் சினக்கவில்லை. "நான் வந்திருக்க முடியாதுதான் அம்மா. ஆனால், தொலைபேசியை அப்பாவின் காதருகே வைத்திருந்தால் ஒரு சொல் பேசியிருப்பேனே" என்று மட்டும் கூறினார்.

அன்பர்களே, அந்த அம்மையார் செய்தது அன்பினால் செய்தது. நம் வீடுகளில் எவரும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால், அம்மகனின் சொல்லை நாம் சிந்திக்க வேண்டும். துயரத்தைத் தராமல் காப்பதாக எண்ணி, துயரத்தில் பங்கு கொள்ளும் உரிமையையும் நாம் பறித்துவிடுகிறோம். பிள்ளைகளும் அவ்வாறே செய்கின்றனர். இரு பக்கமும் மறைக்கத் தொடங்கினால், 'நலம்' என்ற சொல்லை எவரும் நம்ப மாட்டார். உண்மையாகவே நலமாக இருக்கும் நாளிலும், எதையோ மறைக்கிறான் என்று தாய் உறங்கமாட்டார். நம் கவலையை வளர்ப்பது பெரும்பாலும் தொலைவன்று. அந்தச் சொல்லின் மேல் நமக்குள்ள ஐயமே. ஆகவே, 'நலம்' என்றால் அது மெய்யாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு குடும்பமும் இத்திருவிழாவில் உறுதி எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இதற்குத் துணையாகச் சில நடைமுறைகளைக் கூறுகிறேன். முதலாவது, பேசுவதற்கு ஒரு நேரத்தை வரையறுத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் அழைத்துக்கொண்டே இருந்தால், பளுதூக்கி இயக்குபவரும் வண்டியோட்டுபவரும் கவனம் சிதறுவர். குறித்த நேரத்தில் ஐந்து நிமிடம் பேசினால் போதும். அந்நேரம் தவறினால் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது, பின்னர் யாரை அழைப்பது என்பதையும் முன்னரே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வீட்டில் ஒரு தாளில் பிள்ளையின் பணியிட முகவரி, தங்குமிடம், உடன் பணிபுரியும் இருவரின் தொலைபேசி எண்கள், இரத்த வகை, கடவுச்சீட்டு எண், காப்புறுதி விவரம் ஆகியவற்றை எழுதிப் பூசை அறையிலேயே வையுங்கள். தொலைதூர நாடுகளுக்குச் சென்றவர்கள் அங்குள்ள நம் தூதரகத்தில் பதிவு செய்துகொள்வது நன்று. விபூதிச் சம்பிரதாயத்தோடு இந்தத் தாளும் இருந்தால், ஆபத்து வேளையில் மனம் கலங்கினாலும் கை கலங்காது. மூன்றாவது, பிள்ளை அனுப்பும் பணத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். உண்டாயா, உறங்கினாயா, யாரோடு பழகுகிறாய், மனம் சோர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அறிவுரை கூறுமுன் சற்று அமைதியாக இருங்கள். உண்மை அந்த அமைதியில்தான் வெளிவரும்.

இறுதியாக ஒன்று. வெள்ளிக்கிழமைகளில் அன்னதானம் முடிந்த பின்னர், தூண் ஓரமாக அமர்ந்து தொலைபேசியில் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருக்கும் இளைஞர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தஞ்சையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் உணவகங்களிலும் கட்டுமானத்திலும் பணியாற்ற வந்தவர்கள். திரையில் தெரியும் தாயிடம், "கோயிலில் சாப்பிட்டேன் அம்மா" என்கின்றனர். நாம் அக்கரையிலுள்ள நம் பிள்ளையை எண்ணிக் கவலைப்படும் அதே வேளையில், அந்தத் தாய் நம் ஊரை எண்ணிக் கவலைப்படுகிறார். நமக்குச் சிங்கப்பூர் எப்படியோ, அவருக்கு ஜொகூர் அப்படி. 2020இல் சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிகளில் நோய் பரவியபோது, தமிழகத்துக் கிராமங்களில் எத்தனை தாய்மார் உறங்காமல் இருந்திருப்பர் என்பதை நம்மைவிட நன்கு அறியக்கூடியவர் யார்?

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் முதுமொழி. நம் பிள்ளைக்கு நேரில் ஒரு தம்ளர் வெந்நீர் கொடுக்க இயலாத நாம், இங்குள்ள இன்னொரு தாயின் பிள்ளைக்குக் கொடுக்கலாம். பெயர் கேட்கலாம். இரண்டு வாரம் காணாவிட்டால் எங்கே என்று விசாரிக்கலாம். நோயுற்றால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். நம் ஆலயத்தில் சில தாய்மார் இதனை ஏற்கெனவே ஓசையின்றிச் செய்து வருகின்றனர். நிருவாகக் குழுவினர் இதனை ஆலயப் பணிகளுள் ஒன்றாக ஏற்று, வெளிநாட்டில் பிள்ளைகளையுடைய முதியோரையும், இங்கு உறவின்றித் தங்கியிருக்கும் இளைஞரையும் ஒருவரோடொருவர் அறிமுகம் செய்துவைத்தால், இரு கவலைகளுக்கும் ஒரே மருந்தாகும்.

கருவறையில் வீற்றிருக்கும் அன்னைக்கு எல்லையும் இல்லை, குடிநுழைவுச் சாவடியும் இல்லை. நாம் இங்கே சொல்லும் பெயர் எந்நாட்டில் இருப்பவருடையது என்று அவள் கேட்பதில்லை. அவள் செய்யும் காவலில் நம்மாலான சிறுபங்கை நாமும் செய்வோம். கடல் கடந்து உழைக்கும் பிள்ளைகள் அனைவரும் உடல்நலத்தோடும் மனநலத்தோடும் இல்லம் திரும்பவும், 'நலம்' என்று அவர்கள் கூறும் சொல் மெய்யாகவே விளங்கவும் எல்லாம்வல்ல அன்னையின் திருவடிகளைப் பணிந்து வேண்டுகிறேன்.