முந்திப் பேசும் நாங்கள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கூடி வேலை செய்யும்போது நீங்கள் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், "எல்லோருடனும் ஒத்துப்போவேன்" என்றே நம்மில் பலர் சொல்வோம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். உண்மை வேறு. நாங்கள் முந்திக்கொள்பவர்கள்.

உயர்தர விஞ்ஞான வகுப்பில் படிக்கும்போது, கண்காட்சிக்காக மட்டக்களப்பு வாவியின் மாதிரி ஒன்றைச் செய்தோம். வரைபடம், அளவு, விளக்கம் எல்லாவற்றையும் நாங்கள் நால்வர் எடுத்துக்கொண்டோம். படுவான்கரையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த தோழிக்குக் கிடைத்தது கடதாசி ஒட்டும் வேலை. மண்முனைப் பாலம் 2014 இல்தான் வந்தது. அதற்கு முன் வாவியைத் தோணியில் கடந்து வளர்ந்தவள் அவள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான அந்த வாவியை நாங்கள் புத்தகத்தில்தான் அளந்தோம்.

பார்க்க வந்த ஒருவர், "முகத்துவாரம் எப்போதும் திறந்தா இருக்கும்?" என்று கேட்டார். நால்வரும் விழித்தோம். பின்னால் பசைக் கையுடன் நின்ற தோழிதான் பதில் சொன்னாள். கோடையில் மணல் மூடிவிடும். மாரியில் வாவி பெருகி வயலுக்குள் ஏறும். அப்போது மணல்திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள்.

"முன்னமே சொல்லியிருக்கலாமே?" என்றோம்.

"நீங்க கேக்கல்லயே" என்றாள்.

சிரித்துவிட்டு மறந்துபோனோம்.

வைத்தியர்களான பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு வைத்தியசாலையில், காலையில் மகப்பேற்று வாட்டைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளை பெற்ற தாய் ஒருவரின் கட்டிலருகே, புதிதாக வந்த தாதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எல்லாம் சரிதானே?" என்று கேட்டு, பதிலையும் நாங்களே சொல்லிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனோம். சற்று நேரத்தில் அந்தத் தாய் மயங்கினார். உள்ளே குருதி கசிந்திருந்தது. குருதி ஏற்றி, சத்திரசிகிச்சை செய்து காப்பாற்றினோம். நாடித்துடிப்பு கூடி வருவதை அந்தத் தாதி முன்னரே கண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று நாங்கள் அவரிடம் கேட்கவில்லை. பதில் எங்களுக்குத் தெரியும்.

2008 இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒருமுறை வாய் திறந்தவருக்கு, பிழை கண்டால் மறுபடி பேசத் துணிவு வரும். எட்டு நாடுகளில் எட்டு வைத்தியசாலைகளில் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பின்னான இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்தது.

முந்திக்கொள்வது குற்றமல்ல. ஆபத்து வேளையில் யாராவது ஒருவர் முடிவெடுக்கத்தான் வேண்டும். பயமில்லாமல் கையுயர்த்த எங்களைப் பழக்கியதும் இந்தப் பாடசாலைதான். கையை இறக்கப் பழகுவதற்குத்தான் எங்களுக்கு இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. இப்போது வாட்டில் தாதியிடம்தான் முதலில் கேட்கிறோம். கேட்டபின் மனதுக்குள் பத்துவரை எண்ணுகிறோம். ஆறிலேயே வாய் திறந்துவிடும் நாட்களும் உண்டு.

பழைய மாணவிகள் உலகில் எங்கு கூடினாலும், கடைசி வரிசையில் இருப்பவரின் கருத்தை முதலில் கேளுங்கள்.

அந்தத் தோழி இன்று எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. இவ்வுரை மலரில் வரும் என்கிறார்கள். அது அவள் கைக்குக் கிடைத்தால், நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான்: வந்து கதை. இந்த முறை நாங்கள் கேட்கிறோம்.