ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

(நம் சங்கத்தின் சுதந்திர தின விழாவில், மாணவர்களுக்குப் பரிசு வழங்கியபின் சி பிளாக்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் பேசியதன் எழுத்து வடிவம்.)

பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். செயலாளர் ஐந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார். பின்னால் போண்டா ஆறிக்கொண்டிருப்பதும் தெரிகிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முப்பது வருஷம் பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டருக்குக் கணக்கு எடுத்தவன் நான். ப்ளஸ் டூ கணக்கில் தொண்ணூறு சதவீதம் தாண்டிய பிள்ளை, ஒரே மாதத்தில் கடைசி பெஞ்சுக்குப் போய்விடும். கூப்பிட்டு விசாரித்தால், "சார், எங்க ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் புக்கையே தொடலை" என்று பதில் வரும். லிமிட், டிஃபரன்சியேஷன், இன்டக்ரேஷன் எல்லாம் ஆரம்பிப்பதே அந்தப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் தாளுக்குப் பெயரே 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' என்றுதான் இருந்தது. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்ட நம் பில்டர்கூடத் துணிய மாட்டார்!

இப்படித் தாண்டிப் போவதைத் தடுக்கத்தான் 2017-18இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்றுதான் பயம். பெற்றோர்கள் இன்று இரவே ப்ளஸ் ஒன் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. அதிலுள்ள பாடம் எந்த வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இன்னொன்று, கல்லூரியில் நோட்ஸ் சொல்லி எழுதவைக்க ஆள் இருக்காது. ஐம்பது நிமிஷம் கேட்டு, தானே குறிப்பெடுக்க வேண்டும். கைடு இல்லாமல் நாலு பக்கம் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அந்த நாலு பக்கமும் திடீரென்று ஆங்கிலத்தில் இருக்கும். 'வகைக்கெழு' என்றால் சட்டென்று போட்டுவிடக்கூடிய ஒரு பெண், 'டெரிவேட்டிவ்' என்ற சொல் புரியாமல் வாரக்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அமைதியான பெண் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவேயில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

நம் பிள்ளைகளோடு, செக்யூரிட்டி, வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள் ஆகியோரின் பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்தேன். ப்ளஸ் ஒன்னில் பதினோரு பேர் இருக்கிறார்கள். வருகிற ஞாயிறு முதல், காலை பத்து மணிக்கு இந்த ஹாலில் நான் இருப்பேன். பதினோரு பேரும் வரட்டும், லிமிட்டிலிருந்து ஆரம்பிப்போம். ஹாலுக்குக் கமிட்டி வாடகை கேட்காது என்று நம்புகிறேன். இயற்பியலும் ஆங்கிலமும் எடுக்க பி பிளாக்கில் இரண்டு பேர் இருக்கிறீர்கள், பெயரைச் சொல்லட்டுமா?

உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவர்களிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று படிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. யார் வீட்டிலாவது வெள்ளைப் பலகை சும்மா கிடந்தால், சனிக்கிழமைக்குள் கீழே இறக்கிவிடுங்கள்.