கடலோரத்தில் ஐந்து இரவுகள்

(லாச்சப்பலில் நடந்த எங்கள் சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகப் பின்னர் எழுதித் தரப்பட்டது.)



நான் மேடையில் பேசிப் பழக்கப்பட்டவன் இல்லை. ஏ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவன். லாக்கூர்நெவ் பக்கத்தில் கார்ட்போட் பெட்டி செய்கிற ஒரு உசினில் வேலை. மெசின் சத்தத்துக்குள் நின்று நின்று உரத்துக் கதைக்கத் தெரியுமே தவிர அழகாகக் கதைக்கத் தெரியாது. செயலாளர் அண்ணைதான், "ஊருக்குப் போட்டு வந்தனீ, ஒரு பத்து நிமிசம் சொல்லு" என்று பிடித்துக்கொண்டார். ஊருக்குப் போன கதை இங்கே எல்லாரிடமும் ஒன்று இருக்கும். ஆகையால் நான் சொல்லப் போவது, 2023 ஆகஸ்டில் திருகோணமலை உப்புவெளியில் ஒரு மலிவான கடற்கரை ஹொட்டலில் ஐந்து இரவு தங்கின கதை. சிரிக்காதேங்கோ. வக்கான்ஸ் கதைதான்.

அதற்கு முதல் ஒரு விசயம். அகதி அந்தஸ்தில் இருக்கிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே ரிக்கற் எடுக்க ஓடாதேங்கோ. உங்கள் பயணப் பத்திரம் சொந்த நாட்டுக்குப் போகச் செல்லாது. 1951 ஜெனீவா உடன்படிக்கைப்படி, விட்டுவந்த நாட்டின் பாதுகாப்பை நாங்களாகத் திரும்பவும் நாடினால் அந்தஸ்தே கைவிட்டுப் போகலாம். நான் 2011 இல் வந்து, பத்து வருசம் காத்திருந்து, 2021 இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த பிறகுதான் போனேன். அந்தப் பன்னிரண்டு வருசமும் அப்பா, அம்மாவை ரெலிபோனில்தான் பார்த்தேன். என் இரண்டு பிள்ளைகளையும் அவர்கள் தொட்டது அந்த ஆகஸ்டில்தான் முதல் தரம்.

ஊருக்குப் போய் ஏன் ஹொட்டல் என்று கேட்பீர்கள். என் மனுசியும் அதைத்தான் கேட்டா. பிள்ளைகளுக்குக் கடற்கரை என்றால் எங்கட சங்கம் கோடையில் பஸ் பிடித்துக் கூட்டிப்போகிற தியெப்தான். கால் வைக்க ஏலாத கூழாங்கல்லு, குளிர்த் தண்ணி, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு றோல்ஸ் சாப்பிடுவோம். "உங்கட ஊர்க் கடலில மணல் இருக்கா பப்பா?" என்று மகள் கேட்டாள். இருக்கு என்று சொன்னேன். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கே அது வடிவாகத் தெரியாது.

நான் பிறந்தது மயிலிட்டியில், 1989 இல். 1990 யூனில் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பி ஓடினபோது அம்மாவின் இடுப்பில் வந்தவன். வளர்ந்தது மல்லாகம் கோணப்புலம் முகாமில். அங்கேயிருந்து எங்கட கடல் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான், ஆனால் நடுவில் உயர்பாதுகாப்பு வலயமும் முள்ளுக்கம்பியும். அப்பா பருத்தித்துறைப் பக்கம் போய் மற்றவர்களின் போட்டில் கூலிக்குத் தொழில் செய்தார். வெள்ளி இரவு மீன் வாசத்தோடு வருவார், ஞாயிறு போய்விடுவார். என்னைக் கடல் பக்கம் விடவில்லை. படி, படி என்றார். மயிலிட்டித் துறைமுகம் 27 வருசத்துக்குப் பிறகு 2017 யூலை 3 இல்தான் விடுபட்டது. எங்கட காணித்துண்டு அடுத்த வருசம் சித்திரையில். அப்போது நான் இங்கே பெட்டி மடித்துக்கொண்டு நிற்கிறேன். மயிலிட்டிக்காரன், கடற்றொழிலாளியின் மூத்த மகன், நீந்தத் தெரியாதவன். இதை இதுவரைக்கும் நான் ஆருக்கும் பெரிதாகச் சொன்னதில்லை.

சரி, உப்புவெளி ஏன்? எங்கட உசின் ஆகஸ்டில் மூன்று கிழமை பூட்டுவான். வேற மாதத்தில் லீவு கேட்டால் பத்ரோன் முகத்தைச் சுருக்குவார். ஆகஸ்டில் தென்மேல் பருவக்காற்று, கொழும்பு, காலிப் பக்கம் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரை வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் குளம் மாதிரிக் கிடக்கும். பாசிக்குடாவுக்குப் போவோம் என்று மச்சான் சொன்னான். அங்கேயுள்ள பெரிய ஹொட்டல்களின் விலையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டோம். அப்போது அப்பா தன்பாட்டில் சொன்னார்: "எனக்குப் பதினெட்டு வயசில மாமாவோட நிலாவெளிக்குப் போய் வாடி அடிச்சு வலை இழுத்தனாங்கள்." அவ்வளவுதான். அதுவே போதுமாயிருந்தது. வான் பிடித்து, வவுனியா, ஹொறவப்பொத்தானை வழியாகப் போனோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் இறங்கி ஏழு கிணற்றுத் தண்ணியையும் பிள்ளைகள் தலையில் ஊற்றிக்கொண்டார்கள்.

ஹொட்டல் என்றால் பெரிய ஹொட்டல் இல்லை. எட்டு அறை, முன்னுக்கு விறாந்தை, பனையோலைக் கொட்டில் ஒன்று, பிறகு மணல், பிறகு கடல். மச்சான் தமிழில் போன் எடுத்துப் பேசி, காத்தாடி அறை ஒரு இரவுக்கு 7,500 ரூபா என்று முடித்து வைத்திருந்தான். இரண்டு அறை. மேசையில் நான் நாலு பிரெஞ்சுப் பாஸ்போட்டையும் வைத்தேன். அங்கே நின்ற தம்பி புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, வெளிநாட்டுக்காரருக்கு வேற ரேற்" என்றான். இரட்டிப்புக்கும் மேலே. நான் ஒன்றும் கதைக்கவில்லை. பிரிபெக்சர் கதவடியில் நின்று பழகின ஆளுக்கு மேசைக்கு முன்னால் வாய் வராது, உங்களுக்குத் தெரியும்தானே.

அப்பா சாரத்தைச் சரிசெய்துகொண்டு முன்னுக்கு வந்தார். "தம்பி, இவன் என்ர மூத்த மகன். மயிலிட்டியில பிறந்தவன். இவன் எப்ப வெள்ளைக்காரன் ஆனவன்?" என்று கேட்டுவிட்டு, சேட்டுப் பையிலிருந்து தன்னுடைய அடையாள அட்டையை எடுத்துப் பாஸ்போட்டுகளுக்கு மேலே வைத்தார். "ரெண்டு றூமையும் என்ர பேரில எழுதும்." தம்பி சிரித்துவிட்டு எழுதினான். முழு வாழ்க்கையிலும் ஒரு ஹொட்டலில் படுத்திராத மனுசன், 68 வயசில் ஆறு பேருக்கு அறை எடுத்தார்.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், போகிறவர்களுக்கு உதவும். சுவரில் உப்புப் பூத்திருந்தது. காத்தாடி இரண்டாம் இலக்கத்தில் விட்டால் கழன்று விழுகிற மாதிரி ஆடும். நுளம்பு வலையில் மூன்று ஓட்டை, மனுசி றப்பர் பாண்டால் கட்டினா. குழாய்த் தண்ணி உவர், சவுக்காரம் நுரைக்காது. காசு கொடுக்க முதல் அறையைத் திறந்து பாருங்கோ, வலையை விரித்துப் பாருங்கோ. காலையில் எங்களுக்கும் பாணும் ஜாமும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு நேரே குசினிக்குள் போனா. மற்ற நாளிலிருந்து இடியப்பமும் சொதியும் வந்தது. பக்கத்து மேசை ஜேர்மன்காரரும் கேட்டு வாங்கினார்கள். புறாத்தீவுக்குப் போகவில்லை. அங்கேயும் பாஸ்போட்டுக்கு ஒரு விலை, அடையாள அட்டைக்கு ஒரு விலை. போட் கூலியோடு சேர்த்தால் எங்களுக்கு இரண்டு இரவு வாடகை.

அறை கூட்ட வருகிற பெடியன் கிளிநொச்சிக்காரன், இருபத்தொரு வயசு. 2022 இல் சாமான் விலை ஏறினதோடு படிப்பை விட்டவன். துடைத்துக்கொண்டே, "அண்ணா, பிரான்சுக்கு வர எவ்வளவு முடியும்?" என்று கேட்டான். என்னுடைய ஒரு நாள் சம்பளம் அவனுக்கு எத்தனை நாள் என்று எனக்குள் கணக்கு ஓடியது. லாச்சப்பலில் ஒரு அறையில் ஏழு பேர் படுத்ததையும், ஒப்ரா, பிறகு மேன்முறையீடு என்று காகிதத்துக்குக் காத்திருந்ததையும் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டான். நம்பவில்லை. நம்புவதற்கு நான் அங்கே கால் நீட்டிக்கொண்டு இருந்த சாய்கதிரை விடவில்லை.

முதல் நாள் முழுக்க அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து பார்த்தார், எழும்பினார், திரும்ப இருந்தார். கடலுக்கு முன்னால் வேலையில்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. பின்னேரம் ஓட்டோ பிடித்து நிலாவெளியில் அந்தப் பழைய வாடி இருந்த இடத்தைத் தேடிப் போனோம். ஒரு கிணறும் இரண்டு புளியமரமும் அடையாளம் என்றார். இருந்தது ஹொட்டல் மதில்கள். வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு வயதாளி, 2004 மார்கழி 26 சுனாமியோடு அந்தப் பக்கம் எல்லாம் போய்விட்டது என்றார். அப்பா அவரோடு ஒரு சுருட்டைப் பத்திவிட்டு வந்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் விடியப்புறம் ஆளைக் காணவில்லை. அம்மா பதறிக்கொண்டு வந்து கதவைத் தட்டினா. நான் மணலில் ஓடினேன். ஒரு முந்நூறு மீற்றர் தள்ளிக் கரைவலை இழுக்கிறார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தோணியில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையிலிருந்து ஆட்கள் இழுப்பார்கள். கடைசியாக வலையின் மடி கரைக்கு வரும், மீன் அதற்குள்தான். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றில் நிற்கிறார். முதுகை வளைத்து, குதியை மணலில் ஊன்றி, பின்னாலே நடக்கிறார். அந்த உடம்பு எனக்குப் புதிசு. முகாமில் நான் பார்த்தது ரேசன் கடை வரிசையில் நின்ற அப்பாவைத்தான்.

"பார்த்துக்கொண்டு நிக்கிறாய், பிடி" என்றார். பிடித்தேன். பெட்டி தூக்குகிற கைதானே, தாங்கும் என்று நினைத்தேன். பத்து நிமிசத்தில் உள்ளங்கை கிழிந்தது. மடி வந்தபோது நெத்தலியும் சூடையும் காரலும் வெள்ளியாய்த் துடித்தன. சம்மாட்டி அப்பாவுக்குக் கறிக்கென்று இரண்டு கை அள்ளிக் கொடுத்தார். அதை அப்பா கட்டிக்கொண்டு வந்தது ஹொட்டலின் வெள்ளைத் துவாயில்! மனுசி அந்த உவர்த் தண்ணியில் அதைத் தேய்த்த தேய்ப்பைப் பார்த்து அறைப் பெடியன் விழுந்து விழுந்து சிரித்தான். மத்தியானம் ஹொட்டல் குசினியில் அம்மா வைத்த சொதியை அங்கே நின்ற எல்லாரும் சாப்பிட்டோம்.

அன்று இரவு விறாந்தையில் இருந்துதான் அப்பா முதல் முதலாக 1990 ஐச் சொன்னார். போட்டைக் கரையில் இழுத்துக் கட்டிவிட்டு, எஞ்சினை மட்டும் கழற்றிக் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தாராம், ஒரு கிழமையில் திரும்புவோம் என்று. 2018 இல் காணி விட்டபோது முதல் வேலையாக மண்வெட்டியோடு போய்த் தோண்டிப் பார்த்திருக்கிறார். கிணறே தூர்ந்துபோய் இருந்ததாம். ரெலிபோனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ வேலைக்குப் போற அவசரத்தில கதைப்பாய். இதை என்னண்டு சொல்லுறது?" என்றார். நியாயம்தான். நான் எப்போதும் மெத்ரோவுக்குள் நின்றுதான் எடுப்பேன்.

இனி நீச்சல் கதை. மகளுக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தால் பிளாஸ் எபேர் பிசினுக்குக் கூட்டிப்போய் வடிவாக நீந்தப் பழக்கியிருக்கிறார்கள். அவள் தண்ணிக்குள் பாய்ந்ததைக் கண்டு எல்லாரிலும் கூடப் பயந்தது அப்பாதான். "கடல் விளையாட்டுச் சாமான் இல்லை" என்று சொல்லி, நைலோன் கயிற்றை அவள் இடுப்பில் கட்டி, மற்ற நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு கரையில் நின்றார். வெள்ளைக்காரர் எல்லாம் பார்க்கிறார்கள். மகளுக்கு வெட்கம், அழுகை. மூன்றாம் நாள்தான் கயிறு கழன்றது.

அவள் வந்து என்னைக் கேட்டாள்: "அப்பப்பாவுக்கு நீந்தத் தெரியும், எனக்குத் தெரியும். நீங்கள் ஏன் பப்பா முழங்கால் தண்ணியில நிக்கிறீங்கள்?" அப்பாவும் அதைக் கேட்டார். என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். ஐந்தாம் நாள் காலையில், இன்னும் ஒருவரும் எழும்பாத நேரம், கதவைத் தட்டி, "வா" என்றார்.

இடுப்பளவு தண்ணி. "கடலோட மல்லுக்கட்டாத. உடம்பை விடு, தண்ணி தூக்கும்" என்றார். 34 வயசு மனுசன் நான், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். என் முதுகுக்குக் கீழே அவருடைய இரண்டு கையும். மூன்று தரம் தாண்டு உப்புத் தண்ணி குடித்தேன். நாலாம் தரம் கையை எடுத்துவிட்டார், எனக்குத் தெரியாது. எப்போது எழும்பி வந்தாளோ, மகள் கரையில் நின்று பிரெஞ்சில் எண்ணினாள். எட்டு வரைக்கும் வந்தது.

தலைவர் அண்ணை மணிக்கூட்டைக் காட்டுகிறார். ஹொட்டல் ரெலிபோன் நம்பர் வேண்டியவர்கள் தேத்தண்ணி நேரத்தில் என்னிடம் கேளுங்கோ. துவாய் ஒன்றைக் கூடக் கொண்டு போங்கோ.