பிரேக்கில் பிறக்கும் மின்சாரம்

சாதாரண காரில் பிரேக் போட்டால் வண்டியின் வேகம் வெறும் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஹைபிரிட் கார் அப்படி விடுவதில்லை. 1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸிலேயே இதற்கு ஏற்பாடு இருந்தது. பிரேக்கை மெல்ல அழுத்தினால் சக்கரம் மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். ஓங்கி மிதித்தால்? அவ்வளவையும் மோட்டாரால் வாங்க முடியாது. பிரேக் பேடு வந்து டிஸ்கைக் கவ்வும், மிச்சமெல்லாம் சூடுதான்.

ஆனால் ஹைபிரிட் ஓட்டும் சிலர் மெல்ல பிரேக் போடுவதே இல்லை. தூரத்திலேயே சிவப்பு விளக்கு தெரிகிறது. ஆனாலும் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே போய், முன்வண்டியின் பம்பருக்கு ஒரு முழம் இருக்கும்போது சடாரென்று பிரேக்! கேட்டால், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பாராம். அடிக்கட்டுமே, பச்சை விழும்வரை அவர் மட்டும் எங்கே போகப்போகிறார்?